காஜா பையனும் கரும்பலகையும்

சென்ற மாதம் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "என் அப்பாவின் தையல்கடையில் பையன்கள் தொழில் கற்ற மாதிரியே பிள்ளைகள் கணக்கும் கற்கலாம்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த மாதம் முழுக்க அதைப் பற்றியே.

*பி.எட். மாணவி, வந்தவாசி: "சூழல்சார் கற்றல், அறிவாற்றல் தொழிற்பழகுநர் முறை இரண்டுக்கும் வரையறை, ஆறு உத்திகள் எல்லாம் மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிட்டேன். ஆனால் அது உண்மையில் என்ன என்று இன்னும் விளங்கவில்லை. உங்கள் தையல்கடை வரியைப் படித்தபோது ஏதோ பிடிபட்ட மாதிரி இருந்தது. கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள் டீச்சர்."*

அப்பாவின் கடை ஆரணியில் இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி, இரண்டு மெஷின், ஒரு கட்டிங் மேஜை. புதிதாகச் சேர்ந்த பையனை உட்காரவைத்து அப்பா பாடம் நடத்தி நான் பார்த்ததே இல்லை. முதல் நாளே கையில் ஊசியைக் கொடுத்துவிடுவார். காஜா, அதாவது பட்டன் நுழையும் துளை, எடுக்க வேண்டும், பட்டன் கட்ட வேண்டும், பேன்ட் காலுக்கு எம்மிங் போட வேண்டும். ஊரில் அவனுக்குப் பெயரே காஜா பையன்தான். பல மாதம் கழித்துத்தான் மெஷினில் உட்காருவான். முதலில் தலையணை உறை, பாவாடை. பிறகு சட்டையின் நேர்த்தையல், அப்புறம் கை, காலர். துணியில் கத்தரி வைக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும்.

ஒரு சட்டை உருவாவது வெட்டுவதில் தொடங்கிப் பட்டனில் முடிகிறது. பையன் கற்பதோ பட்டனில் தொடங்கி வெட்டுவதில் முடிகிறது. ஏன் இப்படித் தலைகீழாக என்று ஒருமுறை கேட்டேன். "பட்டன் தப்பாப் போனா அறுத்துட்டு மறுபடி கட்டலாம். தப்பா வெட்டின துணிய ஒட்ட முடியுமா?" என்றார் அப்பா.

பல வருஷம் கழித்து, நான் ஆசிரியை ஆன பிறகு, ஜீன் லேவ் என்ற மானிடவியலாளரைப் பற்றிப் படித்தேன். 1970-களில் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில், வாய், கோலா மக்களின் தையல்கடைகளில் உட்கார்ந்து பையன்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று பார்த்தவர் அவர். அங்கேயும் முதலில் பட்டனும் ஓரம் அடிப்பதும், பிறகு தையல், கடைசியில் வெட்டு. முதலில் தொப்பி, உள்ளாடை, குழந்தைத் துணி. கோட்டு சூட்டு எல்லாவற்றுக்கும் கடைசி. படித்துவிட்டு நான் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆரணிக்கும் லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் கடை ஒன்றுதான்.

லேவும் எட்டியென் வெங்கரும் 1991-ல் எழுதிய புத்தகத்தின் மையமே இதுதான். காஜா பையன் செய்வது ஓரத்து வேலை. ஆனால் அது உண்மையான வேலை. அவன் கட்டும் பட்டன் யாரோ ஒருவரின் கல்யாணச் சட்டையில் இருக்கப்போகிறது. ஓரத்தில் உட்கார்ந்தபடி அவன் நடுவில் நடக்கும் எல்லாவற்றையும் பார்க்கிறான். எது நல்ல தையல், எந்த வாடிக்கையாளர் எதற்கு முகம் சுளிப்பார் என்பதெல்லாம் அப்படியே அவனுக்குள் போகிறது. மெல்ல மெல்ல நடுவுக்கு நகர்கிறான். இதைத்தான் நீங்கள் சூழல்சார் கற்றல் என்று மனப்பாடம் செய்தீர்கள்.

இரண்டாவதான அறிவாற்றல் தொழிற்பழகுநர் முறைக்கு வருகிறேன். தையல் கண்ணுக்குத் தெரியும். கணக்குப் போடுபவரின் தலைக்குள் நடப்பது தெரியாது. கரும்பலகையில் முடிந்த கணக்குதான் தெரிகிறது, அதாவது தைத்து அயர்ன் பண்ணி மடித்து வைத்த சட்டை. அதை மட்டும் காட்டித் தையல் சொல்லிக்கொடுக்க முடியுமா? ஆலன் காலின்ஸ், ஜான் சீலி பிரவுன், சூசன் நியூமன் மூவரும் 1989-ல் சொன்னது இதற்கான வழியைத்தான். எழுதுவது, படிப்பது, கணக்குப் போடுவது ஆகியவற்றில் உள்ளே நடக்கும் யோசனையை வெளியே கொண்டுவந்து, தொழில் மாதிரி பழக்க வேண்டும் என்றார்கள்.

அப்பாவுக்கு வெட்டும்போது முணுமுணுக்கும் பழக்கம் உண்டு. "வயிறு கொஞ்சம் முன்னால... முன்பக்கம் அரை இஞ்ச் கூட விடு... பார்டர் எங்க வருது... இல்ல, திருப்பிப் போடு." அவர் அதைப் பையன்களுக்காகச் சொல்லவில்லை. ஆனால் பையன்கள் வெட்டக் கற்றது அந்த முணுமுணுப்பிலிருந்துதான் என்று இன்றைக்கும் உறுதியாக நம்புகிறேன். உங்கள் ஆறு உத்திகளில் முதலாவதான ‘செய்து காட்டுதல்' அதுதான். பிறகு பக்கத்தில் நின்று திருத்துவது, கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது மாதிரி தேவைப்படும்வரை தாங்கிக்கொடுத்து மெல்லப் பிரிப்பது, அவன் செய்வதை அவனையே சொல்லவைப்பது, தன் வேலையை மற்றவர் வேலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவைப்பது, கடைசியில் தானாக ஒன்றைத் தேடிச் செய்ய விடுவது. இவற்றை வரிசையாகப் படி ஏற வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே பீரியடில் நாலு வந்துபோகும்.

*கணித ஆசிரியை, அருப்புக்கோட்டை: "ஏழாம் வகுப்பில் ஒரு பெண்ணின் வீட்டில் பூக்கட்டி விற்கிறார்கள். சாயங்காலம் கடையில் பார்த்தால் சில்லறையை மின்னல் மாதிரி கணக்குப் பார்க்கிறாள். தேர்வில் பத்துக்கு இரண்டு. இது எப்படி?"*

பிரேசிலில் ரெசீஃபே என்ற ஊரில், தெருவில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளை வைத்து இதே கேள்வியைக் கேட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் வாடிக்கையாளராகப் போய்ச் சாமான் வாங்கிக் கணக்குக் கேட்டார்கள். 98.2 சதவீதம் சரி. பிறகு அதே எண்களைத் தாளில் கொடுத்தார்கள். வாக்கியக் கணக்காகக் கொடுத்தபோது 73.7 சதவீதம், வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 36.8 சதவீதம். 1985-ல் வெளியான ஆய்வு இது.

அதில் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை வருகிறது. ஒரு தேங்காய் 35. நாலு எவ்வளவு? மூன்றுக்கு 105, அதோடு 30, 135, இன்னும் ஐந்து, 140. சரியான விடை. அதே பிள்ளையிடம் தாளில் 35 பெருக்கல் 4. "நாலஞ்சு இருபது, ரெண்டு மீதி, ரெண்டும் மூணும் அஞ்சு, அஞ்சு நாலு இருபது." எழுதிய விடை 200. நாலு தேங்காய்க்கு 200 கேட்டால் வாடிக்கையாளர் சும்மா விடுவாரா என்று கடையில் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். தாளில் தேங்காயும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. பள்ளி கொடுத்த ஒரு சடங்கு மட்டும் இருந்தது, அதுவும் அரைகுறையாக.

இதைப் படித்தபோது என்னை நானே நொந்துகொண்டேன். என் வகுப்பிலும் ஒரு பூக்காரப் பெண் இருந்தாள். "முழம் 30, இரண்டரை முழம்?" என்று வாயால் கேட்டபோது, "அறுபது, அரைக்குப் பதினஞ்சு, எழுபத்தஞ்சு டீச்சர்" என்றாள். நோட்டில் இரண்டரையைத் தகாபின்னமாக்கிப் பெருக்கச் சொன்னபோது அழுதாள். பல வருஷம் நான் நோட்டை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. அவளை எழுப்பிக் கேளுங்கள், "எப்படிப் போட்டாய்?" அவள் சொல்வதை அப்படியே பலகையில் எழுதுங்கள்: இரண்டு முழத்துக்கு 60, அரை முழத்துக்கு 15. எழுதிவிட்டு, "இதற்குக் கணக்கில் பங்கீட்டுப் பண்பு என்று பெயர், இவள் இதைத் தினமும் செய்கிறாள்" என்று வகுப்புக்குச் சொல்லுங்கள். பிறகு அதே வழியில் 35 ஐ 4 ஆல் பெருக்கச் சொல்லி, அதன் கீழேயே பள்ளி முறையையும் எழுதி, இரண்டிலும் எந்த எண் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பிள்ளைகளையே தேடவிடுங்கள். பள்ளி முறையை விட்டுவிடச் சொல்லவில்லை. 347 ஐ 86 ஆல் பெருக்க அவளுடைய வழி சிரமம், அங்கே நம் முறை அவளுக்கு வேண்டும். ஆனால் அது அவள் வழியின் மேல் போய் உட்கார வேண்டும்.

*கணித ஆசிரியர், மன்னார்குடி: "யோசனையை வெளியே காட்டு என்கிறீர்கள். தயார் செய்யாமல் பலகைக்குப் போய்த் தடுமாறினால் பத்தாம் வகுப்புப் பையன்கள் மதிப்பார்களா?"*

தயார் செய்த கணக்கைப் போடும்போது நாம் காட்டுவது நினைவிலிருந்து எழுதுவதை. யோசிப்பதை அல்ல. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த ஆலன் ஷோன்ஃபெல்ட், மாணவர்களையே கணக்குக் கொண்டுவரச் சொல்லி அவர்கள் முன்னாலேயே அதோடு மல்லுக்கட்டியவர். மாணவர்கள் சிறு குழுவாகக் கணக்குப் போடும்போது அவர் சுற்றிவந்து மூன்றே கேள்வி கேட்பார்: இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய்? ஏன் செய்கிறாய்? அது உனக்கு எப்படி உதவும்? முதலில் திருதிருவென்று விழிப்பார்கள். போகப்போக, அவர் கேட்கும் முன்பே தங்களுக்குள் கேட்டுக்கொள்ளத் தொடங்கிவிடுவார்கள்.

நானும் வெள்ளிக்கிழமைக் கடைசி பீரியடைப் பிள்ளைகளுக்கு விட்டேன். ஒரு பையன் கேட்டான்: "நம்ம மாடிப்படி 12 படி டீச்சர். ஒவ்வொன்றாகவும் ஏறலாம், ரெண்டு ரெண்டாகவும் தாவலாம், கலந்தும் போகலாம். மொத்தம் எத்தனை விதமா ஏறலாம்?" எனக்கு அன்றைக்கு அது தெரியாது. வாய்விட்டு யோசித்தேன். "12 பெரிசு. சின்னதாக எடுப்போம். ஒரு படி, 1 விதம். இரண்டு படி, 2 விதம். மூன்று படி, 3 விதம். சரி, அப்படியானால் நாலுக்கு 4." பலகையில் 4 என்று எழுதியும்விட்டேன். முன்பெஞ்சுப் பெண் நோட்டில் எழுதிப் பார்த்து, "ஐந்து வருது டீச்சர்" என்றாள். ஒவ்வொன்றாக நாலு, தொடக்கத்தில் ஒரு தாவல், நடுவில் ஒரு தாவல், கடைசியில் ஒரு தாவல், பிறகு இரண்டு தாவல். ஆமாம், ஐந்துதான். "அவசரப்பட்டுவிட்டேன், மூன்று எண்ணைப் பார்த்து நாலாவதை நம்பிவிட்டேன்" என்று சொல்லித்தான் அழித்தேன். ஐந்து படிக்கு 8 வந்தது. 1, 2, 3, 5, 8. முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வருகிறது என்று நாலு குரல்கள் ஒன்றாகக் கத்தின. ஏன் அப்படி என்று கேட்டேன். பத்து நிமிஷம் மௌனம். பிறகு கணக்குக் கொண்டுவந்த பையனே சொன்னான்: முதல் அடி ஒன்றாக வைத்தால் மீதி 11 படி, தாவினால் மீதி 10 படி, இரண்டையும் கூட்ட வேண்டியதுதான். 12 படிக்கு 233.

மதிப்புக் குறைந்ததா என்று கேட்டீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஆறு பேர் கணக்கோடு வந்தார்கள். கூச்சமாக இருந்தால் வாரத்துக்கு ஒரு கணக்கில் தொடங்குங்கள், போதும்.

*தமிழாசிரியை, அரூர்: "தையல்கடையில் இரண்டு பையன். என் வகுப்பில் 42 பேர், 45 நிமிஷம். எத்தனை பேர் பக்கத்தில் போய் நான் உட்காருவது?"*

உண்மையான கஷ்டம். ஒவ்வொருவரிடமும் உங்களால் போக முடியாது. அதனால் ஆசிரியர் வேலையையே பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். 1984-ல் அனமேரி பாலின்சாரும் ஆன் பிரவுனும் எழுதிய ஒரு முறை இருக்கிறது. வாசிக்கத் திணறும் பிள்ளைகள் சிறு குழுவாக ஒரு பத்தியைப் படிக்கிறார்கள். முறைவைத்து ஒருவர் ஆசிரியர் ஆகிறார். பத்தியிலிருந்து ஒரு கேள்வி கேட்கிறார், சாரத்தைச் சொல்கிறார், புரியாத இடத்தைத் தெளிவாக்குகிறார், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கிறார். நன்றாக வாசிக்கிறவர் மனசுக்குள் செய்யும் நாலு காரியத்தை வாய்விட்டுச் செய்கிறார்கள், அவ்வளவுதான். தனித்தனிப் பிள்ளைகளோடு செய்த முதல் சோதனையில், சுமார் 20 அமர்வுகளில் புரிந்து படிக்கும் மதிப்பெண் 15 சதவீதத்திலிருந்து 85-க்குப் போனது. சிறு சோதனைதான், உங்கள் வகுப்பில் அதே எண் வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

42 பேரை ஆறு ஆறாக ஏழு குழுவாக்கலாம். ஆனால் முதல் நாளே ஏழு குழுவையும் தொடங்காதீர்கள். நான் வாக்கியக் கணக்குகளை வாசிக்க இதைச் செய்தபோது அந்தத் தவற்றைச் செய்தேன். வகுப்பு சந்தையானது. கேள்வி என்றால் "யார்? எங்கே? எத்தனை?" மட்டும்தான் வந்தது. மறுவாரம் ஒரே குழுவை வகுப்பின் நடுவில் உட்காரவைத்து, நானும் அவர்களோடு தரையில் உட்கார்ந்து, முதல் மூன்று நாள் நானே ஆசிரியராக இருந்தேன். மற்ற 36 பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். பார்ப்பதும் கற்பதுதான், காஜா பையன் பார்த்த மாதிரி. இரண்டாவது வாரம் அந்த ஆறு பேரும் ஆறு குழுக்களுக்குப் போனார்கள், ஒரு குழுவோடு நான். தொடக்கத்தில் நாலு வேலையையும் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் அட்டைகளைத் திரும்ப வாங்கிவிட்டேன். வாங்காவிட்டால் அட்டையைப் படிப்பதே பாடமாகிவிடும்.

*ஒரு தந்தை, பனியன் கம்பெனித் தொழிலாளி, திருப்பூர்: "பையன் பள்ளியில் பிராஜெக்ட் என்கிறார்கள். சார்ட், தெர்மாகோல் என்று மாதம் முந்நூறு ரூபாய் போகிறது. கடைசியில் நாங்கள்தான் ஒட்டித் தருகிறோம். நீங்கள் சொல்வது இதுதானா?"*

இல்லவே இல்லை. அந்தச் சார்ட்டை யாரும் பயன்படுத்தப் போவதில்லை என்று உங்கள் பையனுக்கும் தெரியும்.

எங்கள் பள்ளியில் கழிப்பறைக்குப் பின்னால் தாழ்வான மேடையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. மதியத்துக்குள் தீர்ந்துவிடும், பெண் பிள்ளைகள் தவிப்பார்கள். ஒன்பதாம் வகுப்பிடம், "இதில் உண்மையில் எவ்வளவு தண்ணீர் கிடைக்கிறது?" என்று கேட்டேன். பாடப்புத்தகத்தில் உருளைக்கு ஆரம் கொடுத்திருப்பார்கள். இங்கே யார் கொடுப்பது? கயிறு சுற்றிச் சுற்றளவு அளந்தார்கள், 345 செ.மீ. அதை π (பை) ஆல் வகுத்து விட்டம் 110 என்று கண்டுபிடித்தார்கள். தண்ணீர் நிற்கும் உயரம் 105. ஏறக்குறைய 1,000 லிட்டர். பிறகு ஒருத்தி கவனித்தாள், குழாய் அடியிலிருந்து 8 செ.மீ. மேலே இருக்கிறது, அதற்குக் கீழே உள்ள 76 லிட்டர் வரவே வராது. எந்தப் புத்தகத்திலும் அந்த 8 செ.மீ. இல்லை. கணக்கை எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்தார்கள், பத்தரை மணிக்கு இன்னொரு முறை மோட்டார் போடத் தொடங்கினார்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாரச் சம்பளத்துக்குப் பீஸ் ரேட் கணக்குப் பார்க்கும்போது பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாய்விட்டுப் போடுங்கள்.

*ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஈரோடு: "தொழில் மாதிரி கற்பது, தையல்கடை, பூக்கடை என்றெல்லாம் எழுதுகிறீர்கள். குலக்கல்வியை வேறு பெயரில் கொண்டுவருவதாக ஆகாதா?"*

ஐயா, இந்தக் கேள்வி வர வேண்டும் என்று எதிர்பார்த்தேன். 1953-ல் ராஜாஜி ஆட்சியில் கிராமத் தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றார்கள். பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்துப் போராடினார்கள். 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. கைவிட்டிருக்காவிட்டால் என்னைப் போன்ற தையல்காரர் மகள் எத்தனை பேர் கணக்கு டீச்சர் ஆகியிருப்போம்? அதனால் இந்தக் கவலை எனக்கும் உண்டு.

அந்தத் திட்டம் பிள்ளையை அப்பனின் தொழிலுக்குத் திருப்பி அனுப்பியது. நான் கேட்பது, இதுவரை சில வீடுகளுக்குள்ளேயே இருந்த தொழில்களை எல்லாப் பிள்ளைக்கும் திறந்துவிட வேண்டும் என்பது. வாசிப்பதும் எழுதுவதும் நிரூபிப்பதும் தொழில்கள்தான். படித்த வீட்டுப் பிள்ளை சாப்பாட்டு நேரத்திலேயே அதைப் பழகிவிடுகிறது. அப்பா செய்தித்தாளைப் படித்து "இது எப்படிச் சரியாகும்?" என்று கேட்பது அதன் காதில் விழுகிறது. பூக்காரப் பெண்ணுக்கு அந்த முணுமுணுப்பு எங்கே கேட்கும்? பள்ளியில்தான் கேட்க வேண்டும். நாம் முடிந்த சட்டையை மட்டும் காட்டினால் அவளுக்கு இங்கேயும் கிடைக்காமல் போகும். பூக்கடையைப் பற்றி நான் எழுதியது அவள் அங்கேயே இருக்கட்டும் என்பதற்காக இல்லை, அவள் ஏற்கெனவே யோசிக்கத் தெரிந்தவள் என்று காட்டத்தான்.

தொழில் பழகும் இடமெல்லாம் நல்ல இடம் என்றும் சொல்ல மாட்டேன். அப்பாவின் கடையிலேயே பள்ளியை விட்டுவிட்டு வந்த பையன்கள் இருந்தார்கள், ஸ்கேலால் அடி வாங்கினார்கள். லேவ், வெங்கர் புத்தகத்தில் அமெரிக்க சூப்பர் மார்க்கெட் இறைச்சிப் பிரிவுப் பயிற்சியாளர்கள் வருகிறார்கள். பொட்டலம் கட்டும் மெஷினில் அவர்களை நிறுத்திவிட்டார்கள். இறைச்சி வெட்டும் இடம் அங்கிருந்து கண்ணுக்கே தெரியாது. பெயர் பயிற்சி, கற்றது பொட்டலம் கட்டுவது. கடைசிப் பெஞ்சில் உட்காரவைத்துப் பலகையைப் பார்த்துக் காப்பி பண்ணச் சொல்லும்போதெல்லாம் நாமும் அதையே செய்கிறோம்.

வாய்ப்பாடு வேண்டாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வேண்டும். காஜா கை படிய நூறு காஜா எடுத்துத்தான் ஆக வேண்டும்.

*ஒன்பதாம் வகுப்பு மாணவி, செய்யாறு: "எங்கள் டீச்சர் நல்லவர், ஆனால் கணக்கை மடமடவென்று போட்டுவிடுவார். புரியவில்லை என்றால் மறுபடியும் அதையே எழுதுகிறார். நான் எப்படிக் கேட்பது?"*

"புரியலை" என்று சொல்லாதே கண்ணு. அப்படிச் சொன்னால் எங்களுக்கு மறுபடியும் எழுதத்தான் தோன்றும். முதல் வரியைக் காட்டி இப்படிக் கேள்: "டீச்சர், இந்த வரியில தொடங்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு? வேற எதையாவது முதல்ல யோசிச்சீங்களா?" அவர் கொஞ்சம் நின்று யோசிப்பார். அவர் யோசிக்கும்போது பேசாமல் இரு. பதில் என்ன வந்தது என்று எனக்கு எழுது.